ஓடக் கூடாத மோட்டார் சைக்கிள்

மாத்தளை டவுனில் யாருடைய மோட்டார் சைக்கிள் இருமினாலும் யஹ்யாவிடம்தான் வர வேண்டும். எழுபத்து மூன்றாம் வருடம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் உள்ளே வராத காலம். செத்துப்போன மூன்று காபரேட்டர்களைப் பிரித்துப் போட்டு, ஒன்றின் ஜெட், இன்னொன்றின் புளோட், மற்றதன் உடம்பு என்று பொறுக்கிச் சேர்த்து, உயிருள்ள ஒன்றைச் செய்துவிடுவான். ஊர் அவனை டாக்டர் என்றே கூப்பிட்டது. அப்பேர்ப்பட்ட டாக்டரின் சொந்த பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் மட்டும் இரண்டு வருடமாக முற்றத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதன் காபரேட்டர் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது.

அந்த வண்டி ஓடக் கூடாது என்பதில் யஹ்யா உறுதியாக இருந்தான். காரணம், மச்சான் ஸக்கரியா.

இரண்டு வருடத்துக்கு முன் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு யஹ்யா மனைவி ஜுனைதாவை ஏற்றிக்கொண்டு இரத்தோட்டையில் இருக்கும் அவளுடைய உம்மா வீட்டுக்குப் போனான். கடைசி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. யஹ்யா ஹேண்டிலைப் பிடிக்க, ஜுனைதா முக்காட்டை இறுக்கிக்கொண்டு பின்னாலிருந்து தள்ள, இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு கேட் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குடும்பமே அங்கே நின்றது. அவளுடைய நானா, அதாவது அண்ணன், ஸக்கரியா கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்:

"மச்சான், ஒங்கட வண்டிக்கு எத்தன குதிரைச் சக்தி? எங்கட தங்கச்சியையும் சேத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார். ஜுனைதாவும் சிரித்தாள். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. சோற்றில் கை வைக்காமல் திரும்பியவன், அதன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

பெற்ற தாயைப் பார்க்கப் போகாதே என்று மனைவியைத் தடுத்தால் பள்ளிவாசலில் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். ஆகவே யஹ்யா தடுக்கவில்லை. பெரிய மனது பண்ணி ஒரு சத்தியம் செய்தான்.

"எண்ட பொஞ்சாதி பஸ்ஸுல இடிபட்டுப் போறதா? எனக்கு மானம் இல்லயா? வண்டி சரியாகட்டும். ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முந்தி எனக்குத் தெரியாம பஸ்ஸுல ஏறினியோ, அங்கயே இருந்துக்க."

சொல்லிவிட்டுக் காபரேட்டரைக் கழற்றி டின்னில் போட்டான்.

இப்படி இருக்கும்போது ஜுனைதாவின் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. செய்தி கேட்டு இரண்டு நாள் அழுதாள். யஹ்யாவுக்கும் மனசு என்னவோ செய்தது. ஆனால் போனால் ஸக்கரியாவின் முகத்தில் விழிக்க வேண்டும். மூன்றாம் நாள் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு அவனுடைய வேலை மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வண்டிக்கு என்ன கொற?"

"சாமான் இல்ல."

"என்ன சாமான்?"

"சொன்னா ஒனக்கு வெளங்குமா?"

"சொல்லுங்களேன்."

"புளோட் ஊசி. தேஞ்சுட்டுது. அது இல்லாட்டி பெட்ரோல் நிக்காம வழியும். கொழும்புலயே இல்ல. கவர்மெண்ட் நிப்பாட்டிட்டாங்க. நான் என்ன செய்ற?"

"சரி" என்று அவள் போய்விட்டாள்.

அதிலிருந்து நாலாம் நாள் காலை. தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில், சீனி வைக்கிற சின்னப் பீங்கானில், ஒரு புளோட் ஊசி கிடந்தது. யஹ்யா எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நுனி கொஞ்சமும் தேயவில்லை.

"எங்கால இது?"

"தேடினா கெடைக்கும்."

"ஊசி மட்டும் இருந்து என்ன? ஜெட் அடச்சுக் கெடக்கு. துளை பெருத்தும் போச்சு."

அடுத்த நாலு நாளில் ஜெட் வந்தது.

இது உக்குவளையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் புஹாரியின் வேலைதான் என்று யஹ்யா முடிவு கட்டினான். அன்றைக்கே பஸ் பிடித்துப் போனான். அவன் பஸ்ஸில் போனால் மானம் போகாது.

"நானா, இனி எண்ட ஊட்டுக்கு ஒரு சாமானும் குடுக்காதீங்க."

புஹாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நான் குடுக்கமாட்டேன்."

"அல்லாவுக்காக?"

"அல்லாவுக்காக. ஒரு நட்டுக்கூடக் குடுக்கமாட்டேன்."

யஹ்யா நிம்மதியாக வீடு திரும்பினான். ஜுனைதா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெட்டும் வந்துட்டுது. இனி என்ன?"

"புளோட்ல ஓட்டை."

"காட்டுங்க."

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. புளோட்டில் ஓட்டை இல்லை. "நாளைக்குக் காட்டுறேன்" என்றான். மறுநாள் அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய தையல் பெட்டியிலிருந்தே ஊசியை எடுத்து, பெட்ரோலில் மிதக்கும் பித்தளைப் புளோட்டின் அடியில் ஒரு குத்து குத்தினான். நூறு புளோட்டுக்கு ஈயம் வைத்து ஓட்டை அடைத்த கை அது. குத்தும்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு சுடுதண்ணீரில் அமுக்கிப் பிடித்து, குமிழி குமிழியாகக் காற்று வருவதை அவளுக்குக் காட்டினான். அவள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை.

புளோட் வந்தது. உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைட் தேய்ந்துவிட்டது என்றான். அதற்கும் ஆதாரம் வேண்டுமே என்று அரத்தை எடுத்துத் தானே இரண்டு பக்கமும் ராவி வைத்தான். ஸ்லைட் வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் காபரேட்டரின் உடம்பிலேயே வெடிப்பு என்றான். சுத்தியலால் ஒரே தட்டு. இனி எங்கே போவாள்? முழு உடம்பு மாத்தளை மாவட்டத்திலேயே கிடையாது.

புதன்கிழமை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த ஒரு காபரேட்டர் உடம்பு, பழைய பேப்பரில் சுற்றி, மேசையில் இருந்தது.

யஹ்யா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தன் சொந்தச் சாமானை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே நாசமாக்கிவிட்டான். வந்த சாமானோ ஒன்றுக்கொன்று அளவெடுத்ததுபோல் பொருந்தியது. இதற்கிடையில் ஜுனைதா வாசலுக்கு வரும் வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் வாயைத் திறக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஒங்கட வண்டியக் குடுங்க, நானா. ஆனா ஒண்டு. அவருக்குத் தன்ட வண்டியவே ஓட வைக்க ஏலாமத்தான் இருக்கு."

இரண்டு பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாமவன், "டாக்டருக்கே சொகமில்லயா?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் யஹ்யா சாக்கை உருவி எறிந்துவிட்டுக் காபரேட்டரைப் பூட்டினான். இரண்டாவது உதையில் வண்டி பிடித்தது. என்ன சத்தம்! ஒரு இருமல் இல்லை, ஒரு திக்கல் இல்லை. தன் திட்டம் பாழாய்ப் போனதையும் மறந்து, இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவன் வாய்விட்டுச் சிரித்தான். பக்கத்து வீட்டு ஆஸியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஷா அல்லாஹ்!" என்றாள். ஜுனைதா உள்ளே போய் ஒரு பையோடு வெளியே வந்தாள்.

"என்னத்துக்குப் பை? அரை மணித்தியாலம்தான். உம்மாவப் பாத்துட்டு வா. நான் வண்டிய விட்டு எறங்கமாட்டேன்."

"நீங்க எறங்க வேணாம்" என்றாள் அவள்.

இரத்தோட்டை ஏற்றத்தில் வண்டி மூச்சு விடாமல் ஏறியது. போன தடவை தள்ளிய இடத்தில் யஹ்யா வேண்டுமென்றே ஹோர்னை அமுக்கிப் பிடித்தான். ஸக்கரியா கேட்கட்டும். குதிரைச் சக்தி எத்தனை என்று இப்போது எண்ணிப் பார்க்கட்டும்.

ஸக்கரியா வாசலுக்கு வந்தான். சிரிக்கவில்லை. மரியாதையாக ஸலாம் சொன்னான். ஜுனைதா அவனைக்கூடப் பார்க்காமல் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து குழறிய குரல் ஒன்று அவள் பெயரைச் சொல்லி அழுதது. யஹ்யா ஸீட்டில் இருந்தபடியே எதிரே கொட்டிலைப் பார்த்தான். அங்கே ஸக்கரியாவுடைய, அதே மாதிரி ஒரு பி.எஸ்.ஏ. நின்றது. அதற்குக் காபரேட்டர் இல்லை. இருக்க வேண்டிய இடத்துத் துளையில் பழந்துணி அடைத்திருந்தது.

யஹ்யா தன் வண்டியின் காபரேட்டரைக் குனிந்து பார்த்தான். மறுபடியும் கொட்டிலைப் பார்த்தான்.

"அஞ்சு வாரமா நடந்துதான் மொளகு யாவாரத்துக்குப் போறேன், மச்சான்" என்றான் ஸக்கரியா. "நீங்க கேக்கக் கேக்க ஒவ்வொண்டாக் கழட்டி அனுப்பினேன். ஒங்கட பக்கத்து ஊட்டு ஆஸியாட புருஷன் இந்த இரத்தோட்டை பஸ்ஸுலதானே கொண்டக்டர். அவர்தான் தங்கச்சிட சேதியக் கொண்டுவந்து, சாமானக் கொண்டுபோய்க் குடுத்தார்."

ஜுனைதா வெளியே வந்து வாசற்படியில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

யஹ்யா அவளைப் பார்த்துக் கத்தினான். "பஸ்ஸுலயா? நான் என்ன சொல்லியிருக்கேன்?"

"நான் போகக் கூடாதுன்னீங்க. காபரேட்டர் போகக் கூடாதுன்னு சொல்லல்லயே."

"சரி சரி. அரை மணித்தியாலம் முடிஞ்சுது. ஏறு."

"நான் வரல்ல. உம்மா காலூண்டி நடக்குமட்டும் இஞ்சதான். நானாவுக்கு அவர்ட சாமானக் குடுத்துடுங்க. அவருக்குத் தொழில் இருக்கு."

"அப்ப நான் எப்படிப் போற?"

"நாலரைக்கு பஸ்."

யஹ்யா கணக்குப் போட்டுப் பார்த்தான். வீட்டில் பிஸ்கட் டின்னில் கிடப்பது ஊசி குத்திய புளோட்டும், அரம் போட்ட ஸ்லைடும், சுத்தியல் விழுந்த உடம்பும்தான். நாலு பேரிடம் நியாயம் கேட்கலாம் என்றால், என்னவென்று சொல்லிக் கேட்பது? மாமியாரின் அழுகை இன்னும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆனால் அதை இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

ஸக்கரியா ஒரு பழைய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து குந்தினான். நட்டுக்குப் பொருந்தாத அளவு. ஒரு திருப்பு திருப்பினான், வழுக்கியது. இன்னொரு திருப்பு. நட்டின் மூலை மழுங்குகிற சத்தம் யஹ்யாவின் பல்லில் கூசியது.

"விடுங்க, விடுங்க! நட்டு போகுது!"

இறங்கமாட்டேன் என்றவன் வண்டியை விட்டுக் குதித்தான். ஸீட்டுக்கு அடியிலிருந்த தன்னுடைய ஸ்பேனரை எடுத்தான். பெட்ரோலை அடைத்து, குழாயை உருவி, இரண்டு நட்டையும் கழற்றி, காபரேட்டரை ஒரு கீறல் படாமல் எடுத்துத் தன் சட்டை நுனியால் துடைத்து மச்சானின் கையில் வைத்தான்.

ஜுனைதா படியில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமாப் பூட்ட ஏலாமப் போனத, அஞ்சு நிமிஷத்துல கழட்டிட்டீங்களே."