வெண்குடைராயர் வம்சத்துக்கு ஏழு சித்தப்பாக்கள்

உலகில் வம்சங்கள் இரண்டே வகை: வெண்குடைராயர் வம்சம், மற்றவை. நான் சொல்லவில்லை; 'வெண்குடைராயர் வம்ச ஆய்வுப் பேரவை'யின் முதல் தீர்மானம் சொல்கிறது. எழுதியவன் மட்டும் நான். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குத் தினமும் மாலையில் போண்டாவும் காபியும் யார் தருவார்கள்? பேரவை தந்தது. செயலாளர் ஆனேன்.

தலைவர் இராஜாங்கம் வெண்குடைராயர். பூர்வீகம் குடவாசல் பக்கம், வளர்ந்ததெல்லாம் சென்னை. தொண்ணூறுகளில் சென்னையில் 'வேர்களைத் தேடும்' காய்ச்சல் பரவியபோது, அவரும் காரில் வந்து தேடினார். தாலுகா ஆபீஸ் தூசியில் இரண்டு நாள் தும்மியபின் அந்த மகத்தான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

"செயலாளர் சார்! எங்கப்பா ஒரே பிள்ளைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்? அவருக்கு ஏழு தம்பிங்க!"

உண்மைதான். தங்கையன் வெண்குடைராயர், கண்ணுசாமி வெண்குடைராயர் என்று ஏழு பேர். எல்லாருக்கும் தகப்பன் இவருடைய தாத்தா. ஆளுக்கு ஐந்து ஏக்கர். நில உச்சவரம்பைச் சர்க்கார் குறைக்கப்போகிறது என்று பெரிய பண்ணைகளெல்லாம் வக்கீல் வீட்டுக்கு ஓடிய அதே சமயத்தில் எழுதி வைத்த நிலம். இத்தகைய அற்பத் தற்செயல்களை ஆய்வாளர்கள் பொருட்படுத்துவதில்லை.

"இப்ப எங்கே அவங்கள்லாம்?" என்றேன்.

"அந்தப் பேர்ல வெண்குடைராயர் யாரையும் ஊர்ல தெரியல. பர்மா சண்டையில செத்திருப்பாங்க."

"சண்டை முடிஞ்சு கால் நூற்றாண்டு கழிச்சுல்ல நிலம் வாங்கியிருக்காங்க?"

"வீரனுக்குக் காலமெல்லாம் ஏது சார்? எழுதுங்க."

எழுதினேன். வாரிசின்றி வீரமரணம் அடைந்ததால் சித்தப்பாக்களின் நிலம் அண்ணன் மகனுக்கே என்றும் எழுதினேன். மனை போட்டு விற்க ஆளும் தயார். அந்த வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்களிடம், "அடுத்த போகம் வேண்டாம்" என்று சொல்லியாயிற்று. ஊர் எல்லையில் கருங்கல்லில் ஏழு பெயரும் பர்மா வீரமரணமும் செதுக்கித் திறப்பு விழா வைத்தோம்.

மாலை, மைக், நாதஸ்வரம். அப்போது வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓர் அம்மாள் வந்து கல்லை உற்றுப் பார்த்தார்.

"அப்பா பேரை அழகா வெட்டியிருக்கீங்க, தம்பி."

தம்பி! இராஜாங்கத்தின் கழுத்து மாலையே ஒருமுறை குலுங்கியது.

"யாரும்மா நீ?"

"தங்கையன் மக அம்சவல்லி. பர்மாவுல செத்தாருன்னு போட்டிருக்கே? அவரு குடவாசலைத் தாண்டினதில்ல. போன வருஷம்தான் மஞ்சக்காமாலையில போனாரு. உங்க தாத்தா ஒருநாள் பண்ணையாளுங்க ஏழு பேரைக் கூட்டியாந்து, கறிச்சோறு போட்டு, கைநாட்டு வாங்கினாராம். 'இன்னையிலேருந்து நீங்க எம்புள்ளைங்கடா'ன்னாராம். சோறு என்னவோ கொல்லையிலதான்." சற்று நிறுத்தினார். "சரி, நான் நட்ட வயலை விக்கப்போறீங்களாமே? எங்கப்பா நிலத்தை நீங்க யாரு விக்க?"

வக்கீல் துரைராசு அவசரமாக வரவழைக்கப்பட்டார்.

"ரெண்டே வழிதான் சார். தங்கையன் உங்க சித்தப்பான்னா நிலம் அவர் மகளுக்கு; மத்த ஆறு பேர் பங்கும் அவங்கவங்க பிள்ளைங்களுக்கு. சித்தப்பா இல்லேன்னா, தாத்தா பினாமி பேர்ல பதுக்கினாருன்னு ஆகும். சர்க்கார் எடுத்து, நிலமில்லாதவங்களுக்குக் குடுக்கும். அதுலயும் முத ஆளா இந்தம்மாதான் நிப்பாங்க."

"அப்ப எப்படிப் பார்த்தாலும் நிலம் போச்சா?"

"போச்சு. ஆனா முத வழியில உங்களுக்கு ஒரு அக்கா மிச்சம்."

பேரவை அவசரமாகக் கூடியது. போண்டா ஆறிப்போகும் அளவுக்கு விவாதம் சூடாக இருந்தது. இறுதியில் ஒருமனதாகத் தீர்மானம்: 'நமது தாத்தா சர்க்காரை ஏமாற்றிய மோசடிக்காரர் என்பதைப் பேரவை பெருமிதத்துடன் பிரகடனம் செய்கிறது.' ஒரு நகல் தாசில்தாருக்கு. கல்லில் தார் பூசப்பட்டது.

நகலை அம்சவல்லியிடம் படித்துக் காட்டினேன். "அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு மூட்டை புதுநெல்லாவது குடுத்தனுப்பியிருப்பேன்," என்றவர் மடை திறக்கப் போய்விட்டார்.

ஏமாற்ற வேண்டியிருந்தபோது பண்ணையாளைப் பிள்ளையாக்கி, அந்தப் பிள்ளையின் மகள் எதிரே வந்து நின்றதும் தாத்தாவைத் திருடனாக்கிய குடும்பம் உலகிலேயே இது ஒன்றுதான் என்று நானும் பூரித்திருந்தேன். கர்வப்பட முடியவில்லை. சுற்றுவட்டாரத்தில் இன்னும் மூன்று வம்சப் பேரவைகள், தீர்மானத்தின் வாசகத்தைக் கேட்டு எனக்கு ஆள் அனுப்பியிருக்கின்றன.