தீர்ப்புக்கு முன் டீ குடிக்காதவர்

ஆரணியில் காவல் நிலையத்தில் பொய் சொன்னவர்கள் உண்டு. கோயில் வாசலில் பொய் சொன்னவர்களும் உண்டு. விசாரணை என்று ஊர் கூப்பிடுகிறவரிடம் பொய் சொல்லித் தப்பியவர் ஒருவரும் கிடையாது. இத்தனைக்கும் அவர் போலீஸ் இல்லை, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதையும் முறையாகப் பதிந்து வைக்கிற நான்கூட என் செல்போனில் 'விசாரணை' என்றுதான் பதிந்திருக்கிறேன்.

மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். பெட்டிப் பக்கம் திரும்பக்கூட மாட்டார்.

"நேத்து வரிக்கும் ஓடிச்சு, இன்னிக்கு ஓடல. நடுவுல யாரு இன்னா பண்ணீங்க?"

"அது தானா கெட்டுப்போச்சுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. "தானா கெடறதுக்கு அது இன்னா பாலா?" என்பார்.

டீ கொடுத்தால் வாங்க மாட்டார். "இப்ப டீ குடிச்சா உங்க பக்கம் சாஞ்ச மாரி ஆயிடும். தீர்ப்பு சொல்லிட்டுக் குடிக்கறேன்." அவர் போகிற இடமெல்லாம் ஒரு டீ ஆறிக்கொண்டிருக்கும்.

கடைத்தெரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிற கம்ப்யூட்டர் தினமும் காலையில் தானாக அணைந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் வந்து உள்ளே இருந்ததையெல்லாம் மாற்றிப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். விசாரணை நேராக மாடிக்குப் போய் ஸ்டூடியோக்காரரின் மனைவியைக் கேட்டார்.

"காலைல இன்னா டிபன்ங்க?"

"இட்லிதான்."

"தொட்டுக்க?"

"தேங்கா சட்னி."

மிக்சியும் கம்ப்யூட்டரும் ஒரே கரண்ட் லைனில் இருந்தன. "சட்னி அரைக்கற நேரத்துல கீழ மாப்பிள்ள தாலி கட்டக் கூடாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

எங்கள் கடைக்கு அவர் வந்தது ஒரு விஜயதசமி அன்று. நான் மேனேஜராக இருக்கும் கடை பட்டுச் சேலைக் கடை. பின்கட்டில் ஒரு டிசைன் அறை. கௌரி என்கிற பெண் பார்டரையும் முந்தானையையும் அங்கே கம்ப்யூட்டரில் வரைந்து தருவாள். அது தறிக்குப் போகும். பழைய கம்ப்யூட்டரில் ஒரு மயிலின் தோகை திரையில் விரிவதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும். முதலாளியிடம் பல மாதம் சொல்லிச் சொல்லி ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்க வைத்திருந்தாள். அதன் விலையைக் கேட்ட முதலாளி, "இதுல ஒரு தறியே வாங்கலாமே" என்று கணக்குப் போட்ட கார்டு அது.

அன்று நல்ல நேரம் பார்த்து முகூர்த்தச் சேலை ஒன்றுக்கு டிசைன் தொடங்க வேண்டும். பெரணமல்லூர்ப் பெண் வீட்டார் கேட்ட மயில் டிசைன். கௌரி பெட்டியை ஆன் செய்தாள். உள்ளே விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. மானிட்டர் வயரைக் கார்டிலிருந்து பிடுங்கிப் பழைய இடத்தில் செருகியதும் படம் வந்தது. ஆனால் கார்டு என்று ஒன்று இருப்பதையே கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. கார்டுக்கான டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் இல்லை என்றது.

முதலாளி வாசலில் நின்று பார்த்தார். "அவ்ளோ காசு போட்டு வாங்கினதும் போச்சா? சாயந்தரத்துக்குள்ள வரலன்னா டிசைன வெளிய குடுத்துக்கலாம். நீ நாளைலேர்ந்து சேல மடிக்கற எடத்துக்குப் போயிடும்மா."

கௌரி கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த கீபோர்டு அது. நான் விசாரணைக்குப் போன் போட்டேன்.

வந்தார், உட்கார்ந்தார், டீயை ஒதுக்கினார். முதலில் என்னைக் கேட்டார். முந்தைய நாள் கடையைத் திறந்ததிலிருந்து பூட்டியது வரை நான் வரிசையாக, நேரத்தோடு சொன்னேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "சார், மணியெல்லாம் வேணாம். உண்மை மட்டும் போதும்."

அடுத்து கௌரி. "நான் நேத்து மௌஸக்கூட தொடலண்ணா. பூஜைல வெச்சத எப்படித் தொடுவேன்?"

"பூஜையா?" விசாரணையின் முதுகு நிமிர்ந்தது. "யாரு பண்ணது?"

எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம்.

"என்னையே கேக்கறியாப்பா?"

"பொட்டியத் தொட்டவங்க எல்லாரும் ஒண்ணுதான் மொதலாளி. உக்காருங்க."

முதலாளி தன் கடையில், தன் நாற்காலி அல்லாத ஒன்றில் உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஆயுத பூஜைக்குத் தொடச்சு சந்தனம் குங்குமம் வெச்சேன். தப்பா?"

"வெளியவா, உள்ளயா?"

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். அதற்கும் பொட்டு வைத்திருந்தது.

"மொதலாளி, உங்களத்தான்."

"மூடியக் கழட்டித் தொடச்சேன். அந்தக் கார்டயும் எடுத்துத் தொடச்சேன். கீழ ஓரத்துல வரிசயா தங்கம் மின்னிச்சு." குரல் இறங்கியது. "பரம்பரையா சரிகை விக்கறவன்பா. தங்கத்தப் பாத்துட்டு எப்படிச் சும்மா வெக்கறது? அங்கயே ஒரு பொட்டு வெச்சு, பத்திரமா சொருகிட்டேன்."

அந்தத் தங்கப் பற்கள் வழியாகத்தான் கார்டு கம்ப்யூட்டரோடு பேசும் என்பது அவருக்குத் தெரியாது.

விசாரணை மின்சாரத்தை நிறுத்தி, கார்டை உருவி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னல் ஓரமாகப் போனார். சட்டைப் பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் ரப்பர் ஒன்றை எடுத்து மெல்லத் தேய்த்தார். செருகும் பள்ளத்தைச் சின்ன பிரஷால் சுத்தம் செய்தார். 'டக்' என்று கேட்கிறவரை கார்டை அழுத்திச் செருகினார். திரையில் படம் வந்தது. கௌரி விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

விசாரணை எழுந்து நின்று தீர்ப்பு சொன்னார். "தூசி. பட்டு நூல் பறக்கற எடம், உள்ள பூந்துகினு இருக்கு. யாரு மேலயும் குத்தம் இல்ல."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது. அவரும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் டீ தம்ளரைத்தான் தேடினார்.

முதலாளி ஜன்னல் ஓரத்தில் கிடந்த ரப்பரை எடுத்துப் பார்த்தார், அதில் சந்தனம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "தூசி இல்ல கௌரி. சந்தனம். நான் வெச்சது. நீ உன் எடத்துலயே உக்காரும்மா, மயில ஆரம்பி. நல்ல நேரம் இன்னும் இருக்குது."

"தானா ஒத்துக்கினாரு பாத்தீங்களா சார்?" என்று என் காதில் சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை விசாரணை ஒரே மடக்கில் குடித்தார். வேறு சூடாகத் தருகிறேன் என்றேன். சூடான டீ தனக்குப் பழக்கமே இல்லை என்றார்.

இப்போது அவர் செய்யார் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருவதாகக் கேள்வி. ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காலையிலேயே போன் வந்துவிடும். "சார், மொதலாளி கைல இருக்கற சந்தனக் கிண்ணத்த வாங்கி வெச்சுட்டீங்களா?"

இந்த வருடம் போன் வரவில்லை. பூஜை முடிந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. முதலாளி மட்டும் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் மேனேஜர்," என்றார் மெதுவாக, "உள்ள லேசா ஒரு பொட்டு வெச்சா, அவன் வந்துடுவான் இல்ல?"

கௌரி எழுந்து இடம் விட்டாள். நான் டீ சொல்லிவிட்டு வந்தேன், ஆறட்டும் என்று.