லாரிக்குப் பேயோட்டிய சகோதரர்

நெப்ராஸ்கா நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தில், அந்த ஜனவரியில் டீசலுக்கு நின்ற வரிசையைவிடப் பேயோட்ட நின்ற வரிசைதான் நீளம்.

பேய் பிடித்தது லாரிகளுக்கு. கம்பெனி புதிதாக வாங்கிய வண்டிகளில் கிளட்ச் இல்லை. கியர் தானே மாறியது. முப்பது வருடம் கியர் தள்ளித் தோள் தேய்ந்தவர்களுக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. போதாக்குறைக்கு, நிறுத்திவைத்த வண்டி, யாரும் சாவியைத் தொடாமலே உறுமும். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும்.

“செத்துப்போன டிரைவர்களின் ஆவி!” என்று அறிவித்தார் சகோதரர் ஆரின் டட்டில். பாவம், செத்தும் சம்பளமில்லாமல் உழைக்கும் ஆவிகள்!

கறுப்புக் கோட்டு, ஒரு புட்டி எண்ணெய், வண்டிக்கு நூற்றைம்பது டாலர். டட்டில் தனியாகக் கேபினில் ஏறித் திரையை இழுத்துவிடுவார். உள்ளே ஒரே கூச்சல். அவர் இறங்கிய பிறகு வண்டி தானாகக் கிளம்பாது. கூட்டம் கண்ணீர் விடும்.

பத்தொன்பது வருடமாக லாரி ஓட்டும் லோர்னா பெட்ரிக் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கூட்டாளி வென்டல் கையில் கட்டோடு வந்து நிற்கும்வரை.

“பிரதர் ஓட்டினதுல பேய் போச்சு லோர்னா. அதோட சூடும் போச்சு. பேட்டரி செத்துருச்சு. வயோமிங் குளிர்ல மாட்டிக்கிட்டேன். விரல் வெறைச்சுச் செத்து, ஆஸ்பத்திரில ரெண்ட எடுத்துட்டாங்க.”

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஒருவரும் பிரிக்காத வண்டிக் கையேட்டை எடுத்து உட்கார்ந்து படித்தாள்.

மறுநாள் நண்பகல், கூட்டத்துக்கு நடுவே கேட்டாள்: “பிரதர், என் வண்டிலயும் பேய். ஓட்டுங்க. ஆனா உள்ள ஏறக் கூடாது.”

“அதெப்படிம்மா? ஆவி உள்ளதானே இருக்கு?”

“ஏன், உங்க ஜெபம் கதவு தாண்டாதா?”

யாரோ சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் டட்டில் பானட்டில் எண்ணெய் பூசினார், கத்தினார், பனியில் மண்டியிட்டார். இருபது நிமிடத்தில் இஞ்சின் அவர் முகத்துக்கு நேராக உறுமியது.

“பிடிவாதக்கார ஆவி!” என்றார் டட்டில்.

இஞ்சின் தானே அடங்கும்வரை லோர்னா காத்திருந்தாள். பிறகு கேபினில் ஏறித் திரையை விலக்கி, இருக்கைக்குப் பின்னால் டிரைவர் தூங்கும் படுக்கையின் சுவரிலிருந்த சின்னப் பெட்டியை எல்லோருக்கும் காட்டினாள்.

“வென்டல், நீ கூப்பிடு பேய.”

வென்டல் மிச்சமிருந்த விரல்களால் பனியை அள்ளிப் பெட்டிமேல் அழுத்தினான். இரண்டே நிமிடம். இஞ்சின் உறுமியது.

“ராவெல்லாம் இஞ்சின ஓடவிட்டு டீசல வீணாக்காம இருக்கத்தான் இது. கேபின் குளிர்ந்தாலோ பேட்டரி இறங்கினாலோ தானே கிளம்பும். அப்புறம் தானே நிக்கும். இப்பப் பாருங்க பிரதரோட ஜெபத்த!” பெட்டியின் பொத்தானைத் தட்டினாள். இஞ்சின் நின்றது. மறுபடி பனியை வைத்து அழுத்தினாள். இஞ்சினிடம் மூச்சே இல்லை.

டட்டில் மெல்லத் தன் காரை நோக்கி நகர்ந்தார். நாலு டிரைவர்கள் ஏற்கெனவே அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தார்கள்.

“ஒருவேளை,” என்று இழுத்தார் கூட்டத்திலிருந்த கிழட்டு டிரைவர் ஃபிளாய்ட், “அந்தப் பேய்க்குப் பனின்னா புடிக்குமோ?”

லோர்னா கையேட்டை அவர் கையில் திணித்தாள்.

“இரும்பு வண்டியே குளிரா சூடான்னு தானே பாத்து முடிவெடுக்குது, ஃபிளாய்ட். உன் தலைக்குள்ள இருக்கறத மட்டும் அடுத்தவன் வந்து ஸ்டார்ட் பண்ணணுமா?”