தமிழ்மணியின் காற்றுக் கணக்கு

கணக்கு முடியும்வரை மழையைக்கூட ஒப்புக்கொள்ளாத மனித இனம் ஒன்று உண்டு, வாசகரே. கை சுட்ட பிறகும் அடுப்பு எரிகிறதா என்று தாளில் சரிபார்க்கும் இனம். விருத்தாசலத்தில் அதன் ஏகப் பிரதிநிதி தமிழ்மணி.

2005 கார்த்திகை. கணிதத்தில் புத்தம்புது டாக்டர் பட்டத்தோடு, வானத்தில் காற்றும் ஈரமும் எப்படிப் புரளும் என்பதைச் சமன்பாடுகளாக்கிக் கம்ப்யூட்டருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு அதெல்லாம் புரியுமா? ‘மழை டாக்டர்’ என்றது. அவர் மறுக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்புஜவல்லி பீங்கான் அகல்விளக்கு செய்பவர். தீபத்துக்கு ஐந்தே நாள். இன்னும் சூளைக்குப் போகாத இரண்டாயிரம் பச்சை விளக்குகள் வாசலில் பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“தம்பி, மழ வருங்களா? உள்ள எடுத்து வச்சிடட்டா?”

தமிழ்மணிக்குப் புல்லரித்தது. அவருடைய கணக்கின் விடையைக் கேட்ட முதல் மனிதப்பிறவி!

“அவசரப்படாதீங்கக்கா. கணக்கு ஓடுது.”

டாக்டர் சொன்னாரே என்று அம்புஜவல்லி காத்திருந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கம் வானம் கறுத்தது. திரையில் மின்னல் வெளிச்சம் அடிக்கிறதென்று தமிழ்மணி ஜன்னலைச் சாத்தினார்.

“தம்பீ! ஊத்துது!”

“இருக்காதுக்கா, ஈரப்பதம் போதாது!” என்றபடி வெளியே வந்தவர், தலையிலிருந்து கால்வரை நனைந்துகொண்டே, இது மழையாக இருக்க வாய்ப்பு ஏன் குறைவு என்று விளக்க ஆரம்பித்தார்.

“வாய்ப்பு கெடக்குது, பலகையப் புடிங்க!”

பிடித்தார், ஓடினார், வழுக்கினார். பாதிதான் தப்பியது. மீதி அவர் விரலிடுக்கில் கூழாக வழிந்தது.

“என்னாலதாங்க்கா…”

“மண்ணுதானே. நாளைக்கு வந்து பெசஞ்சு குடுங்க.”

மறுநாள் காலையிலிருந்து முழங்கைவரை களிமண்ணோடு பிசைந்தார். மத்தியானம் எதையோ பார்க்க வீட்டுக்குப் போனவர், துள்ளிக் குதித்துத் திரும்பி வந்தார்.

“அக்கா! கணக்கு முடிஞ்சிடுச்சு! நேத்து சாயங்காலம் நாலு மணிக்குப் பலத்த மழ!”

அம்புஜவல்லி நிமிர்ந்து பார்த்தார்.

“அப்படிங்களா? நல்லவேள சொன்னீங்க. கொடியில ரெண்டு துணி காயுது, எடுத்துட்டு வந்துடறேன்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், வாசலில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது, ‘இரு, செய்தியில என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்’ என்று டி.வி. முன்னால் உட்கார்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் கேளுங்கள், சொல்வார்கள்.