கோட்டுக்குப் பின்னால் நின்ற மைக் அண்ணை

ஜெர்மனியில் இந்தப் பீலெஃபெல்ட் நகரத்தில் எந்தத் தமிழனுக்கு எந்த இடத்தில் என்ன வருத்தம் என்பது அவனுடைய வைத்தியருக்குத் தெரிவதற்கு முன்னமே மைக் அண்ணைக்குத் தெரியும். மைக் அண்ணைக்குத் தெரிந்துவிட்டால் எதிரே இருக்கிற பாண் கடைக்கும் தெரியும். நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் அவரோடு ஒரு தடவை டொக்டரிடம் போய்விட்டு வந்து என்னோடு பேசட்டும்.

கோயில் தேரன்று காணாமற்போன பிள்ளைகளையும் குறுக்கே நிறுத்தின கார்களையும் அறிவிக்கிறவர் அவர். ஒரு வருடம் மைக் பழுதாகிப்போனது. அது பழுதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படி வந்த பெயர்தான் மைக் அண்ணை.

இந்த நாட்டில் வீடு பிடிக்கலாம், வேலை பிடிக்கலாம். புதிதாக ஒரு குடும்ப வைத்தியரைப் பிடிப்பதுதான் கஷ்டம். “நாங்கள் புது நோயாளிகளை எடுப்பதில்லை” என்று எல்லா இடத்திலும் ஒரே வசனத்தை வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எங்கள் சனம் “டாங்கே” என்று நன்றி சொல்லி, ஏதோ களவெடுக்க வந்து பிடிபட்டதுபோலக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். நானும் அப்படித்தான். நான் கோபக்காரன். வீட்டில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஆனால் ஜெர்மன் மொழியில் எனக்குக் கோபம் வராது. நன்றி மட்டும்தான் வரும்.

என்னுடைய பழைய டொக்டர் ஓய்வுபெற்றுக் கதவைப் பூட்டிவிட்டுப் போன காலத்தில்தான் எனக்கு இரத்தம் போகத் தொடங்கியது. எந்த வழியால் என்று எழுத எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், மைக் அண்ணை வந்து சொல்வார்.

மனைவிக்கு மட்டும் சொன்னேன். அவள் சொன்னபடி தொலைபேசியில் ஊரெல்லாம் கேட்டேன். கேட்ட இடமெல்லாம் “டாங்கே” சொல்லிவிட்டு வைத்தேன்.

“இஞ்சருங்கோ, இப்பிடியே எல்லாருக்கும் நன்றி சொல்லிச் சொல்லிச் சாகப் போறியளே?” என்று கேட்டாள். “நான் மைக் அண்ணையைக் கூப்பிடப் போறன்.”

“அந்த மனுசன் வேண்டாம். அதுக்கு நான் செத்தே போறன்.”

அடுத்த நாள் காலை மாடிப்படியின் கீழ்த்தட்டிலிருந்தே குரல் வந்தது.

“தம்பி! எங்காலை இரத்தம் போகுது? முன்னாலையோ பின்னாலையோ?”

நாங்கள் இருப்பது நாலாம் மாடி. இடையில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள். நான் கதவைத் திறந்து, வாயில் விரலை வைத்துக் காட்டினேன். ஏறி வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “ஓ! வாயாலையோ?” என்றார்.

பஸ்ஸில் அவர் கேட்ட கேள்விகளை விட்டுவிடுகிறேன். தமிழில்தான் கேட்டார். ஆனால் கையால் விளக்கம் கொடுத்துக்கொண்டு கேட்டார்.

அவர் கூட்டிப்போன குடும்ப வைத்தியரின் இடம் ரயில் நிலையத்துக்குக் கிட்ட. உள்ளே போனால் வரவேற்பு மேசை. மேசைக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. “அந்தரங்கம் பேணவும், கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்” என்று பலகை. ஒருவர் மேசையில் நின்று தன் வருத்தத்தைச் சொல்லும்போது அடுத்தவர் காதில் விழக்கூடாது என்று போட்ட கோடு அது. மைக் அண்ணை அதை வேறு மாதிரி விளங்கி வைத்திருந்தார். கோட்டைத் தாண்டுவது சட்டவிரோதம் என்பது அவருடைய எண்ணம். மேசையில் ஒருவரும் இல்லாதபோதும் அவர் தாண்டவில்லை. என்னையும் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு அங்கிருந்தே தொடங்கினார், ஜெர்மனில்.

“வணக்கம்! இந்த மனிதருக்கு இரத்தம் வடிகிறது! பின்பக்கத்தால்!”

காத்திருக்கும் அறையில் பத்திரிகை புரட்டும் சத்தம் நின்றது.

“நாங்கள் புது நோயாளிகளை…” என்று மேசைப் பெண் தொடங்கினார்.

“நல்ல சிவப்பு! கறுப்பில்லை!”

“தயவுசெய்து கிட்ட வந்து பேசுங்கள்.”

மைக் அண்ணை பலகையைக் காட்டினார். “எழுதியிருக்கிறது! நாங்கள் சட்டத்தை மதிக்கிற ஆட்கள்!”

“அது உங்கள் அந்தரங்கத்துக்காக ஐயா.”

“எங்களுக்கு அந்தரங்கம் இல்லை!”

நான் “டாங்கே” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தபடியால் சட்டைதான் கிழியப் பார்த்தது. மேசைப் பெண் என்னைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், என்னுடைய காப்புறுதி அட்டைக்குக் கையை நீட்டினார். இரக்கப்பட்டாரோ, அந்த வாயை மூடினால் போதும் என்று நினைத்தாரோ, தெரியாது. அட்டையில் இருந்த குடும்பப் பெயரை வாசித்து, “இது நீங்கள்தானே?” என்று கேட்டார்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம். நான் வாய் திறக்குமுன் மைக் அண்ணை உண்மையைச் சொன்னார்.

“இல்லை! அது இவருடைய அப்பா! அவர் செத்துவிட்டார்!”

அந்தப் பெண் அட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

படிவம் வந்தது. என்னுடைய கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவரிடம் கண்ணாடி இருந்தது. ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். புகைக்கிறீரா, குடிக்கிறீரா, வெளிக்குப் போவது ஒழுங்கோ. “பயப்பிடாதை தம்பி, இதுகளுக்குத் தமிழ் விளங்காது” என்று தைரியம் சொல்லிவிட்டு, என் பதிலைச் சரிபார்க்க ஜெர்மனில் இன்னொரு தடவை உரத்துச் சொன்னார். ஒரு வயதான ஜெர்மன் அம்மா எழும்பி, மெத்தை போட்ட தன் கதிரையை எனக்குத் தந்தார். அறை முழுக்க நான் அதில் பத்திரமாக உட்காருகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பூமி பிளக்கவில்லை. உட்கார்ந்தேன்.

அந்த டொக்டர் என்னை உடனே குடல் வைத்தியரிடம் அனுப்பினார். உள்ளே ஒரு கட்டி. எடுத்தார்கள். “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை வேறு” என்றார் அந்த வைத்தியர். அதைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் எல்லோரும் என்னுடைய குடலைத்தான் சுகம் விசாரித்தார்கள்.

ஒரு வருடம் அவரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறினேன். அப்படி மாறின ஒரு நாள்தான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. தெருவே திரும்பியது. அவர் மட்டும் திரும்பவில்லை. ஓடிப்போய் இழுத்தேன்.

“அண்ணை, உங்களுக்குக் காது கேக்கிறேல்லையோ?”

“ஆர், மூர்த்தியோ? அவன் சுகமாயிருக்கிறான்!” என்றார், நான் யாரையோ சுகம் விசாரித்ததாக நினைத்துக்கொண்டு.

விசாரித்தேன். கால் நூற்றாண்டு போத்தல் தொழிற்சாலை வேலை. அந்த இரைச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. பாதி நகரத்துக்கு டொக்டர் பிடித்துக் கொடுத்த மனுசன் தனக்கென்று ஒரு டொக்டரிடமும் பதியவில்லை. “எனக்கென்ன குறை?” என்றார். எதிரே நிற்பவரின் வாயசைவைப் பார்த்துப் பாதியை ஊகித்துக்கொண்டு, காது கேளாது என்பதைத்தான் கத்திக் கத்தி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த நாளே இழுத்துக்கொண்டு காது வைத்தியரிடம் போனேன். அங்கேயும் மேசை, அங்கேயும் கோடு. மைக் அண்ணை கோட்டைத் தாண்டினார். மேசையில் முழங்கையை ஊன்றி, குனிந்து, எனக்கே கேட்காத குரலில் என்னவோ சொன்னார். அந்தப் பெண் தலையை ஆட்டி, “புது நோயாளிகளை எடுப்பதில்லை” என்ற அந்த வசனத்தைச் சொன்னார். அவருக்கு அது கேட்டிருக்காது. முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

“டாங்கே” என்றார் மைக் அண்ணை. கதவுப் பக்கம் திரும்பினார்.

எனக்கு வந்தது கோபம். முதன்முதலாக ஜெர்மனில் வந்தது. போய்க் கோட்டுக்குப் பின்னால் நின்றேன்.

“இந்த மனிதருக்குக் காது கேட்காது! இரண்டு காதும்! நேற்று பஸ்ஸில் அடிபடப் பார்த்தார்! இவரைப் பதியாமல் நாங்கள் போகமாட்டோம்!”

பத்திரிகை புரட்டும் சத்தம் நின்றது. என் காது சுட்டது. நான் போட்ட சத்தத்தில் இவ்வளவும் அவருக்கே கேட்டுவிட்டது. ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

“டேய், ஏனடா கத்துறாய்? எனக்குக் காது கேளாதெண்டு ஊருக்கெல்லாம் தெரியப்போகுது. மானம் போகுது.”

“எங்களுக்கு அந்தரங்கம் இல்லை அண்ணை.”

மேசைப் பெண் அவருடைய அட்டைக்குக் கையை நீட்டினார்.

இப்போது இரண்டு காதிலும் கருவி. தன் சத்தம் தனக்கே கேட்டதும் பயந்துபோய், மனுசன் மெல்லப் பேசத் தொடங்கிவிட்டார். இந்த வருடத் தேரில் மைக்கைப் பிடித்துப் பேசியும் பின்னால் நின்ற எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், அவருக்குக் கிட்ட நின்றுகொண்டேன்.