அப்பாவின் படகு எஞ்சின்

"அப்பா வாராவாரம் வந்து ஓட்டின படகுடா இது. உனக்கு மட்டும் ஏன் கிளம்ப மாட்டேங்குது?" என்றாள் அக்கா.

படகின் நடுப்பலகையில், மடியில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா இப்போது மூடி போட்ட செம்புப் பாத்திரத்துக்குள் சாம்பலாக இருந்தார். சாம்பலுக்கு ஏது குளிர்? ஆனாலும் தன் சால்வையைப் பாத்திரத்துக்குப் போர்த்திவிட்டு, அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு வெளியூரில் மருந்துக்கடை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இருமலுக்கு எது, காய்ச்சலுக்கு எது என்று சொல்லிவிடுவான். எஞ்சின் விவகாரம் மட்டும் சுத்தமாகத் தெரியாது. இந்தப் படகையே இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறான். ஏரியின் நடுவில் கரைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டுமென்று பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். எஞ்சின் ஒருமுறை கனைத்துவிட்டு அடங்கியது.

"பனியில விறைச்சுக் கிடக்கு மாப்ளே. சோக்கை இழுத்துவிடு" என்றார், கரையில் நின்ற அக்கா வீட்டுக்காரர்.

சோக்கை இழுத்துவிட்டு, தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுத்தான். பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடித்தது.

"போச்சு! சோக்கை உள்ள தள்ளாமலே இழுத்தியா? பெட்ரோலைக் குடிச்சு மூச்சு முட்டிப் போச்சு."

"தள்ளணும்னு நீங்க சொல்லவே இல்லையே அத்தான்?"

"சொல்ல வந்தேன். அதுக்குள்ள உங்கக்கா பேசிட்டா."

"நான் வாயே திறக்கலை!" என்றாள் அக்கா.

பிளக்கைக் கழற்றினார்கள். சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. அத்தான் அதை லைட்டரில் காட்டி உலர்த்தினார்; தன் விரலையும் சேர்த்துச் சுட்டுக்கொண்டார். திரும்ப மாட்டி, தம்பி மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். கயிறு அறுந்து கையோடு வந்தது. அவன் மல்லாக்க அக்கா மடியில், அப்பாவின் மேலேயே போய் விழுந்தான்.

"ஐயோ, அப்பா! அப்பா!"

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சால்வை விலகிய செம்பு அவன் கன்னத்தில் சில்லென்று பட்டது. கடைசியாக எப்போது அப்பாவுக்கு இத்தனை பக்கத்தில் இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. எழுந்திருக்க மனசும் வரவில்லை.

"எந்திரிடா, கால் மரத்துப் போகுது" என்றாள் அக்கா.

அத்தான் விடுவதாக இல்லை. எஞ்சினின் மேல்மூடியைத் திறக்கச் சொல்லி, தன் பெல்ட்டை அவிழ்த்து உள்ளேயிருந்த சக்கரத்தில் சுற்றச் சொன்னார். ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி, "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று கத்தினார். எஞ்சின் கரும்புகையைத் துப்பிவிட்டு நின்றது. பெல்ட் பறந்துபோய் ஏரியில் விழுந்தது.

"பெட்ரோல் கெட்டுப் போயிருக்கும். நீ போய்ப் புதுசு கேளு மாப்ளே. நான் இந்த நிலைமையில எங்கேயும் வர முடியாது."

அவன் போய்க் கேட்டதும், படகுத்துறைக் காவலாளி பெட்ரோல் கேனோடு கூடவே வந்தார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அவர் கைக்குத்தான் இது அடங்கும்போல. எங்கப்பா எப்படிக் கிளப்புவார்னு பார்த்திருக்கீங்களா?"

காவலாளி கேனைக் கீழே வைத்தார்.

"அவர் ஒருநாளும் இதைக் கிளப்பினதில்லையே தம்பி. 'முதல் தடவை என் பையன் வந்துதான் இழுக்கணும்'னு சொல்லிட்டு, வாராவாரம் துடைச்சு வெச்சுட்டுத் திரும்பிப் போயிடுவார்."