அட்ஜஸ்ட் சாரும் ராயக்கோட்டை பஸ்ஸும்

எங்கள் ஃபேக்டரியில் அட்ஜஸ்ட் சார் கை வைக்காத பொருளெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். அவர் கை வைத்த பொருளெல்லாம் புத்திசாலியாகிவிடும். அதற்கப்புறம் அதோடு மல்லுக்கட்டுவது மற்றவர்கள் தலையெழுத்து.

இன்ஜினியரான அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. அது ஐ.டி. கார்டில் நிம்மதியாகத் தூங்குகிறது. எங்கள் பஸ் டிரைவர் முனியப்பா வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவர்தான், பெங்களூர் பஸ்ஸில் 'கொஞ்சம் நகர்ந்து இடம் குடுங்க' என்று கேட்கிற தோரணையில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்று இவரைக் கிண்டலடிக்க ஆரம்பித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. காரணம், மனுஷர் வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான்: அடாப்டிவ். எந்த மெஷினும் சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி செய்யக் கூடாதாம். எதிரே நடப்பதைப் பார்த்து, தான் எங்கே தப்புகிறோம் என்று கணக்குப் போட்டு, தன்னைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டுமாம்.

"மனுஷன் மட்டும் கத்துக்கிட்டா போதுமா மேடம்? மெஷினும் கத்துக்கிடணும்லா?" என்பார் தன் திருநெல்வேலித் தமிழில்.

நான் அங்கே எச்.ஆர். பஸ், கேன்டீன், அட்டெண்டன்ஸ் எல்லாம் என் தலையில்தான். ஆகையால் அவருடைய மெஷின்கள் கற்றுக்கொண்ட ஒவ்வொரு பாடத்துக்கும் அடி வாங்கியது நான்.

மெஷினை விடுங்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணனைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. சர்க்கரை எவ்வளவு என்று சொல்லவே மாட்டார். "குடிக்கும்போது என் மூஞ்சியைப் பாருங்க. அதுக்குத் தக்கன நாளைக்குக் கூட்டிக் கொறச்சுக்கிடுங்க" என்பார். பாவம், அந்த அண்ணனும் ஒரு வாரம் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், உங்க மூஞ்சி எப்பவும் ஒரே மாதிரிதான் சார் கீது. நான் இன்னாத்த கத்துக்கறது?"

அடுத்தது மீட்டிங் ஹால். ஆள் நடமாட்டத்தைப் பார்த்து லைட்டும் ஏ.சி.யும் தானாகக் கூடிக் குறையும்படி செய்தார். திறப்பு விழா அன்று எங்கள் ஜி.எம். பேச எழுந்தார். பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். முக்கால் மணி நேரத்தில் திடீரென்று ஹால் முழுக்க இருட்டு. கரண்ட் கட் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த ஒருவரும் அசையவில்லை என்பதால், ஹாலில் ஆளே இல்லை என்று மெஷின் முடிவு செய்துவிட்டது. இருட்டில் யாரோ, "மெஷின் பொய் சொல்லாதுப்பா" என்றார்கள். அந்தக் குரல் யாருடையது என்று ஜி.எம். இன்றுவரை தேடுகிறார். நான் சொல்வதாக இல்லை.

இப்படிப்பட்டவர் கையில் ராயக்கோட்டை பஸ் சிக்கினால் என்ன ஆகும்?

ராயக்கோட்டைப் பக்கத்து கிராமங்களிலிருந்து அசெம்பிளி லைனுக்கு வருகிறவர்கள் முக்கால்வாசி பெண்கள். பஸ் மெயின் ரோட்டோடு வந்து ரேஷன் கடை முன்னால் நிற்கும். உள்ளடங்கிய ஊர்க்காரர்கள் நேரத்துக்கு ஓடிவர முடியாமல் பாதி நாள் லீவு போடுவார்கள். பஸ் பாதி காலியாக வந்தது. "நிறுத்திடலாம்" என்றார் ஜி.எம்.

அன்று மத்தியானமே லைன் ஆபரேட்டர் மஞ்சுளா என் மேஜை முன் வந்து நின்றாள். கெட்டிக்காரப் பெண். பர்மனன்ட் லிஸ்டில் அவள் பேர் போகிற நேரம்.

"அக்கா, கம்பெனி பஸ்ஸு இருந்தாதான் வேலைக்கு அனுப்புவேன்னு எங்க மாமனார் ஒரே புடியா இருக்காரு. பஸ்ஸை நிறுத்திட்டா நாளைக்கே தக்காளி தோட்டத்துக்கு வரச் சொல்லிடுவாரு. எப்படியாவது பாருங்கக்கா" என்று சொன்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மேஜையில் ஏதோ வேலையாக வந்திருந்த அட்ஜஸ்ட் சார் நேராக ஜி.எம். அறைக்குப் போய்விட்டார். "ஒரு மாசம் குடுங்க சார். ஜனங்களைப் பாத்துப் பஸ்ஸைக் கத்துக்கிட வைக்கேன்." மாசக் கடைசியில் சீட் நிறையாவிட்டால் பஸ் கிடையாது என்ற நிபந்தனையோடு ஜி.எம். தலையாட்டினார்.

பஸ்ஸில் வருகிற எல்லார் போனிலும் அட்ஜஸ்ட் சார் ஒரு ஆப் ஏற்றினார். முந்தின நாள் காலையில் போன்கள் எங்கே கூடி நின்றனவோ, அங்கே மறுநாள் பஸ்ஸை அனுப்பும் அந்த புரோகிராம். முதல் நாள் காலை பெண்களெல்லாம் பால் ஊற்றிவிட்டு வந்ததால், பால் சொசைட்டி வாசலில் போன்கள் கூடுதல் நேரம் நின்றன. மறுநாள் பஸ் பால் சொசைட்டியில் நிற்க, பெண்கள் ரேஷன் கடையில் நின்றார்கள். ஓ, இப்படியா சேதி என்று அதற்கடுத்த நாள் எல்லாரும் பால் சொசைட்டிக்குப் போனார்கள். அவர்கள் நேற்று ரேஷன் கடையில் நின்றதைப் படித்துக்கொண்ட பஸ், சமர்த்தாக ரேஷன் கடைக்குப் போய்விட்டது. பஸ் அவர்களைக் கற்றது, அவர்கள் பஸ்ஸைக் கற்றார்கள், இருவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

காலை காபி ஆறுவதற்குள் என் போன் சூடாகிவிடும்.

"மேடம், நான் பஸ் ஓட்டறேனா, கண்ணாமூச்சி ஆடறேனா?" இது முனியப்பா.

"இன்னாக்கா இது, நேத்து வந்த எடத்துல நின்னா இன்னிக்கு வேற எடத்துக்குப் போவுது!" இது மஞ்சுளா.

அலுத்துப்போய் மற்றப் பெண்களெல்லாம் ஆப்பை அணைத்துவைத்த ஒரு நாள், மஞ்சுளாவின் வீட்டுக்காரர் அவள் போனை மறந்துபோய் எடுத்துக்கொண்டு தக்காளி மண்டிக்குப் போய்விட்டார். மறுநாள் எங்கள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மண்டிக்குள் நுழைந்தது. சுமை தூக்குகிறவர் ஒருவர் கதவைத் தட்டி, "எத்தினி பெட்டிங்கண்ணா ஏத்தணும்?" என்று கேட்டாராம்.

எனக்கு வந்ததே கோபம். "சார், ஒரே எடத்துல நிறுத்தித் தொலைங்க!" என்று கத்தினேன். ஜி.எம். குறுக்கே விழுந்தார். "இந்த பஸ்ஸைப் பத்தி தலைமை ஆபீசுக்கு வீடியோ அனுப்பியாச்சும்மா. இப்போ பஸ்ஸு ஒரே எடத்துல நின்னா நாம அடாப்டிவ் இல்லைன்னு ஆயிடும்." ஆக, பஸ் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும், பெண்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அட்ஜஸ்ட் சார் மஞ்சுளா இருந்த லைன் பக்கம் ஒரு தரம் பார்த்தார், போய்விட்டார்.

அடுத்த வாரம் அதிசயம்! என் போன் அடிக்கவே இல்லை. பஸ் நிறைந்து வந்தது. நின்றுகொண்டுகூட வந்தார்கள். எப்படி என்று புரியாமல் எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு நாள் விடிகாலையில் டவுன் பஸ் பிடித்து ராயக்கோட்டைப் பக்கம் நானே போய் இறங்கினேன்.

பனி கொட்டுகிறது. பால் சொசைட்டி வாசலில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு ஓர் உருவம். பக்கத்தில் பைக். சுற்றிலும் பெண்கள் கூட்டம். உருவம் மஞ்சுளாவின் டிபன் பாக்ஸிலிருந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"சார்! உங்க ரூம் ஃபேக்டரி கேட்டுக்கு எதிர்லதானே? இங்க என்ன பண்றீங்க?"

"பஸ்ஸுக்கு நிக்கேன் மேடம்."

"பைக்ல இவ்வளவு தூரம் வந்து, பஸ் ஏறி, கிளம்பின எடத்துக்கே போறீங்களா?"

"சாயங்காலம் இதே பஸ்ல வந்து பைக்கை எடுத்துக்கிடுவேன். எல்லாரும் மாறிக்கிட்டே இருந்தா எப்படி மேடம்? ஒருத்தனாவது ஒரே எடத்துல நிக்கணும்லா. எங்க நின்னா தோதுன்னு இவங்ககிட்டதான் கேட்டேன். பால் ஊத்த எல்லாரும் இங்கதான் வராங்க."

"உங்க ஒரு போனுக்காக பஸ் வந்துடுமா?"

இட்லியை மென்று முழுங்கினார். "என் போனை மட்டும் ஒரு கிராமமா எண்ணிக்கிடச் சொல்லியிருக்கேன்."

"அட, இது ஏமாத்து வேலை!"

"வெயிட்டேஜ் மேடம்."

"அப்போ ஒரு கம்பம் நட்டு அதுல போனைக் கட்டிடலாமே?"

"மழையில நனஞ்சு கெட்டுப் போகும்லா."

"சரி, மஞ்சுளாகிட்ட குடுத்துட்டு நீங்க ரூம்ல தூங்குங்க!"

அவர் என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா, மத்த புள்ளைங்க என்ன செய்யும் மேடம்?"

இவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார் என்று கேட்க நினைத்தேன். அவர் தும்மிய தும்மலில், காய்ச்சலோடுதான் வந்து நிற்கிறார் என்று தெரிந்தது.

மாசக் கடைசியில் பஸ் பிழைத்தது. 'தானே கற்கும் பஸ்'ஸுக்காக ஜி.எம். தலைமை ஆபீசில் ஷீல்டு வாங்கினார். எல்லோரையும்விட ஓங்கிக் கைதட்டியது அட்ஜஸ்ட் சார். மஞ்சுளாவுக்குப் பர்மனன்ட் ஆர்டரை என் கையால்தான் கொடுத்தேன். "மாமனாரே ஊர் பூரா சொல்லிக்கினு திரியறாருக்கா" என்று சிரித்தாள்.

அட்டெண்டன்ஸ் விஷயத்தில் நான் ராட்சசி என்று பேர். ஆனாலும், காலையில் ராயக்கோட்டை பஸ் உள்ளே நுழையும்போது, முன் சீட்டில் குல்லாவோடு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு வருகிற அந்த மனுஷரைப் பார்த்தால் எழுப்ப மனசு வருவதில்லை. எல்லாரும் இறங்கியதும் முனியப்பாவிடம் மெதுவாகச் சொல்வேன்: "இன்னொரு ரவுண்டு சுத்திட்டு வாங்கண்ணா, பள்ளத்துல விடாம."